தின்னாத பதினோரு நாள்

பத்தேகாலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள், ஜெசிந்தா டீச்சரின் வயிறும் தன் பங்குக்கு ஆரம்பித்தது. ஒன்றேகால் வரைக்கும் மூன்று மணி நேரம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, சமூக அறிவியல், இருபது பிள்ளைகள், ஒரு மின்விசிறி, அதுவும் மூலைச் சுவருக்கு மட்டும் காற்று கொடுக்கிற ரகம். வாசலில் நின்றால் வராந்தாவின் கோடியில் தலைமையாசிரியர் அறை தெரியும். அந்த அறையின் பீரோவுக்குள் அவளுடைய போன் இருக்கிறது. தேர்வுப் பணிக்கு வந்தவர்கள் போனை அணைத்து, பெயர் எழுதிய உறைக்குள் போட்டு, பீரோவில் வைத்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். எல்லாரும் அணைத்துக் கொடுத்தார்கள். இவள் அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கொடுத்தாள், பதினாலு வருஷ ஆசிரியர் வேலையில் செய்த முதல் களவு. இன்றைக்கென்று பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து டாக்டர் நஸ்ரின் கூப்பிடப் போகிறார், பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில். "ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்துரும்மா, நானே கூப்பிட்டுச் சொல்றேன்," என்றார். போன வாரம் ரத்தம் எடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து ஆறு துணுக்கு கிள்ளி எடுத்தார்கள், ஒவ்வொன்றும் எள்ளளவு. அந்த ஆறு எள்ளும் சேர்ந்து அவளுக்கு வியாதி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒரு வாரமாக ஜெபம் பண்ணுகிறாள். இப்படி ஒரு ஜெபத்தை எந்தப் புனிதரும் கேட்டிருக்க மாட்டார். மேஜைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். நடக்கும்போது வயிறு கொஞ்சம் மறந்திருக்கும்.

வயிறு என்பதுகூடச் சரியான சொல் இல்லை. தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் முதலில் ஒரு இழுப்பு, பிறகு ஒரு உருட்டல், உருண்டது அங்கேயே நின்று இனி என்ன செய்யலாம் என்று யோசிக்கிற மாதிரி ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் மோசம், அது இரண்டு நிமிஷமும் இருக்கும், இரண்டு மணி நேரமும் இருக்கும், வாக்குக் கொடுக்காது. காலையில் தின்ற இரண்டு துண்டு பிரெட்டின் வேலை. ரிசல்ட் வருகிறவரை நிறுத்தக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. இந்த அறையிலிருந்து கழிப்பறைக்கு நாற்பத்தாறு காலடி. திங்கட்கிழமை முதல் தேர்வன்றே எண்ணி வைத்துவிட்டாள். மற்றவர்களுக்குத் தூத்துக்குடி என்றால் கடல், உப்பு, துறைமுகம். இவளுக்கு எந்த இடத்தில் எத்தனை காலடியில் கழிப்பறை, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வாளியில் தண்ணீர் கிடக்குமா. துணிக்கடையில் இரண்டாவது மாடி, பட்டுச் சேலைக்குப் பின்னால். பங்குக் கோயிலில் சாமியார் வீட்டுக் கொல்லைப்புறம். கல்யாண மண்டபம் என்றால் மணப்பெண் அறையை ஒட்டி, பெண்ணின் சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மாநகராட்சிக்கே இவ்வளவு தெரியாது. திங்கட்கிழமை மூன்று தடவை முத்துக்கனி டீச்சரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அறையில் நிற்கிறவர் வெளியே போக வேண்டுமானால் வந்து நிற்பதற்கென்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆள் முத்துக்கனி. மூன்றாம் தடவை திரும்பி வரும்போது முதன்மைக் கண்காணிப்பாளர் சிதம்பரநாதன் சார் வழியிலேயே நின்றிருந்தார். "டீச்சர், உடம்பு முடியலன்னா டூட்டி வேண்டாம்னு முதல்லயே எழுதிக் குடுத்திருக்கலாம்லா?" என்றார், கோபமாகக்கூட இல்லை. எழுதிக் கொடுக்கலாம்தான். காரணம் என்று போட்டிருக்கிற இடத்தில் என்ன எழுதுவது? ஒன்பது வருஷமாக அந்த இடம்தானே காலியாகக் கிடக்கிறது.

முதல் டாக்டர் கேஸ் என்றார். இரண்டாமவர் அமீபா என்றார், வாயெல்லாம் கசக்கிற மாத்திரை பதினாலு நாள். மூன்றாமவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து ரத்தம் இல்லை என்று கண்டுபிடித்தார், அது வீட்டுக் கண்ணாடிக்கு முந்தியே தெரியும். இரும்பு மாத்திரை, பிறகு இரும்பு ஊசி. ரத்தம் ஏறும், இரண்டு மாதத்தில் இறங்கும், ஓட்டைப் பானையில் ஊற்றுகிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. நாலாமவர்தான் பெரிய உபகாரம் செய்தார். "அரிசி உங்களுக்குச் செரிக்கல, ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடுங்க." நம் ஊரில் சப்பாத்தி பலகாரம் இல்லை, மருந்து. சர்க்கரை வந்தவருக்குச் சப்பாத்தி, பருத்தவருக்குச் சப்பாத்தி, இளைத்தவளுக்கும் அதே சப்பாத்தி. அவள் புருஷன் கஸ்பார், துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் கம்பெனிக்காரன், மறுநாளே பத்து கிலோ கோதுமை வாங்கி வந்து, தானே கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டு, மில்லில் நின்று அரைத்து வந்தான். அந்த மனுஷனுக்குப் பிரியம் என்றால் இப்படித்தான், வாயால் வராது, பையில் வரும். வயிறு போகிற நாட்களில் வீட்டு வைத்தியம் வேறு. சோறு கூடாது, குழம்பு கூடாது, பாலில் நனைத்த பிரெட், ரஸ்க், கோதுமைக் கஞ்சி. முடியாதவர்களுக்கு அதைத்தானே கொடுப்பார்கள். மாமியார் பிரெட்டைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட்டு ஊட்டியே விட்டிருக்கிறாள், "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்மா" என்று. தின்னத் தின்னப் போகும், போகப் போகத் தின்னக் கொடுப்பார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது, எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலவும் வருகிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருப்பாள், எல்லாரும் நல்லவர்கள், எல்லார் கையிலும் ரொட்டி. இரண்டாவது பெஞ்சுப் பையன் எழுந்து கூடுதல் தாள் கேட்டான். கொண்டுபோய்க் கொடுத்துப் பதிவெண்ணைக் குறித்தாள். நகங்கள் வெளுத்துக் குழிந்து தெரிந்தன, அவன் பார்க்கிறானோ என்று விரலை மடக்கிக்கொண்டாள்.

மணி பதினொன்று ஆகியிருக்கும். இந்நேரம் போன் ஒரு தடவை மினுங்கியிருக்குமோ? டாக்டர் ஒரு தடவை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுகிற ஆளா, மறுபடியும் கூப்பிடுகிற ஆளா? மனசு அங்கிருந்து வழுக்கி, எப்போதும் போய் மாட்டுகிற இடத்தில் போய் மாட்டியது. போன வருஷத்துத் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். கஸ்பார் சிகரெட்டை விடுவான், ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பிடித்தும்கொள்வான். மாமியார் காப்பியை விடுவாள், அந்த நாற்பது நாளும் வீட்டில் யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். ஜெசிந்தா தனக்கு எது உயிரோ அதை விடுவாள். பேக்கரி. பன், பிரெட், கேக், பிஸ்கட், அதோடு சேர்த்துப் பரோட்டா, சப்பாத்தி, ரவை, எல்லாமே. பிடித்ததை விட்டால்தான் ஒறுத்தல், பிடிக்காததை விட்டால் அது சௌகரியம் என்று சின்ன வயதில் ஒரு சிஸ்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டவள். மூன்றாம் வாரத்தில் வயிறு அடங்கும். ஐந்தாம் வாரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைக்கும். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. அதைக் கிருபை என்று நினைத்தாள், வேறு எப்படி நினைப்பாள்? ஈஸ்டருக்குக் கேக் வெட்டுவார்கள், அடுத்த வாரமே பழைய ஓட்டம், அப்போது தன் பாவம்தான் கிருபையைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து அழுவாள். போன வருஷம் மதுரையில் ஐந்தாவது டாக்டர், "கோதுமை ஒத்துக்காம இருக்கலாம், ரத்தத்துல பாத்துருவோம்," என்று எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர், சரியாகத்தான் எழுதினார். ஆனால் அவள் ரத்தம் கொடுத்தது ஈஸ்டருக்கு நாலே நாள் இருக்கும்போது, பெரிய வியாழனுக்கு முந்தின நாள். ஆறு வாரமாக ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில் வைக்காத ரத்தம். கோதுமையைத் தின்றுகொண்டிருந்தால்தான் அந்தச் சோதனையில் அதன் தடம் தெரியும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைப்பதுபோல உடம்பைச் சுத்தமாகத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஒறுத்தலை ஊருக்குச் சொல்லிக்கொண்டு செய்யக் கூடாது என்பதல்லவா வேதம், டாக்டரும் ஊரில் சேர்த்திதானே. ரிசல்ட் நார்மல். மாமியார் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள். மதுரைக்காரர் அடுத்த சீட்டில் மனநல டாக்டரின் பெயரை எழுதினார், அவர் டென்ஷன் என்று ஒரு மாத்திரை எழுதினார், மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது, தூக்கத்திலும் வயிறு வந்தது.

"மிஸ்." மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒல்லி, உதடு காய்ந்திருந்தது, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்திருந்தாள். "டாய்லெட் மிஸ்." ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, அதுதான் பிறகு நெஞ்சை அறுத்தது. சட்டைக் கையைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், ஷாலுக்குள் ஏதும் மடித்திருக்கிறதா என்று பார்த்தாள், மார்க்குக் குறைவான கேள்விகளை முடித்துவிட்டுப் பெரிய கேள்விக்கு வரும்போதுதானே இதுகளுக்கு அவசரம் வரும் என்றுகூட நினைத்தாள். "இப்பதான மணி பதினொன்னரை, கொஞ்சம் பொறுக்க முடியாதா?" என்று வாய் கேட்டேவிட்டது. பொறுக்க முடிந்தால் இவ்வளவு பேர் முன்னால் எழுந்து நிற்பேனா என்பது அந்தப் பெண்ணின் கண்ணில் இருந்தது. ஜெசிந்தாவுக்கு முகம் சூடாகிவிட்டது. வராந்தாவுக்குப் போய், "முத்துக்கனி டீச்சர், இவள சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க, திரும்பி வர நேரமானாலும் ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். ஒன்பது வருஷம் அனுபவித்தவளுக்கே முதலில் சந்தேகம்தான் வந்தது, மற்றவர்களை என்ன சொல்ல? சந்தேகப்படுவது அவ்வளவு சுலபமாக இருக்கிறது, மூச்சு விடுவதுபோல. அவள் திரும்பி வரும்வரை ஜெசிந்தா அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள், தாள் பறக்காமல் அளவுகோலை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

டாக்டர் நஸ்ரினிடம் ஜனவரியில் போனது ஆறாவது டாக்டர் என்கிற கணக்கில். நவம்பரில், எதுவும் சரிப்படாமல், தவக்காலத்துச் சாப்பாட்டை அவளாகவே முன்கூட்டி ஆரம்பித்திருந்தாள், அரிசிக் கஞ்சி, சோறு, மீன். வயிறு கேட்டது, வீடு கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லன்னு மதுரையிலயே சொல்லியாச்சு, நீயா ஒண்ண உண்டாக்காத," என்றான் கஸ்பார். நஸ்ரின் சின்ன வயசு டாக்டர், பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பேரும் எப்போது முடியவில்லை என்று கேட்டார்கள், இவர் தலைகீழாகக் கேட்டார். "வருஷத்துல எப்பவாவது நல்லா இருந்திருக்கீங்களா?" "ஈஸ்டருக்கு முந்தி நல்லா இருப்பேன் டாக்டர்." "அது என்ன கணக்கு?" "தவக்காலம்." "அதுல என்ன செய்வீங்க?" வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மதுரையில ரத்தம் குடுத்தது எந்தத் தேதி?" தேதியைச் சொன்னதும் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து, "அம்மா தாயே," என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகுதான் அந்தத் தண்டனை. இப்போது எடுத்தாலும் நார்மல் என்றுதான் வரும், அதனால் எட்டு வாரம் தினமும் நாலு துண்டு பிரெட், இல்லையென்றால் இரண்டு சப்பாத்தி. "விஷம்னு தெரிஞ்சே சாப்பிடச் சொல்றேன், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒருநாள்கூட விடக் கூடாது. விட்டா டெஸ்ட் கெட்டுரும்." விடமாட்டேன் என்றாள். எட்டு வாரத்தின் நடுவில் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது, ஊரெல்லாம் ஆளுக்கொன்றை விட்டது, அவள் வீட்டு மேஜையில் பிரெட் பாக்கெட் ஏறியது. "ஏம்மா, தவக்காலமும் அதுவுமா பேக்கரிய வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க?" என்றாள் மாமியார், காப்பி இல்லாத கோபம் வேறு. "டாக்டர் சொல்லியிருக்காங்க மாமி." "முன்ன ஒரு டாக்டர் தின்னாதன்னாரு, இந்தம்மா தின்னுங்காங்களா?" அப்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் அதை விளக்குவதற்குள் ஓட வேண்டியதாகிவிட்டது.

விடமாட்டேன் என்றவள் விட்டாள். அதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, வயிற்றைவிடக் கனமாக. இருபத்து நாலாம் நாள் காலையில் முதல் துண்டை வாய்க்குக் கொண்டுபோனபோது கை ஏறவில்லை. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு நடுவில் ஓடி, போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்து, பியூன் அம்மாவின் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு மதியம் வரைக்கும் பாடம் நடத்தியிருந்தாள். நாலு துண்டையும் பிய்த்துப் பின்பக்கச் சுவர்மேல் போட்டாள், காக்கைகள் வந்தன. இரண்டாம் தடவை சுலபமாக இருந்தது. நாட்காட்டியில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள், கடைசியில் எண்ணினால் பதினொன்று. ஐம்பத்தாறில் பதினொன்று. குழாய் விடுவதற்கு முன் டாக்டர் கேட்டார், "ஒழுங்கா சாப்பிட்டீங்கல்ல?" "ஒருநாள்கூட விடல டாக்டர்." பொய் அவ்வளவு வழவழப்பாக வந்தது. இப்போது அந்த ஆறு எள்ளும் ஒன்றும் இல்லை என்று சொன்னால்? வியாதி இல்லாததால் சொல்கிறதா, காக்கை தின்றதால் சொல்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது, சாகும்வரை தெரியாது. நாலாவது வாரத்தில் மூன்று, ஆறாவது வாரத்தில் ஐந்து, கடைசி வாரத்தில், கடைசி வாரத்தில்கூட இரண்டு, மீதி ஒன்று எந்த வாரம்? அந்த ஒன்றைத் தேடி ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினாள். இதுதான் கடைசி என்று கஸ்பாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். "ஜெசி, இதுலயும் ஒண்ணும் இல்லன்னா இனி டாக்டர் வேண்டாம். அந்த மதுர மாத்திரைய ஒழுங்கா போடு. எனக்கும் தெம்பு இல்ல," என்று சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது, அதனால்தான் சரி என்றாள். இரண்டு தடவை கருத்தரித்து இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் போனபோதும் இதே கண்ணோடுதான் ஆஸ்பத்திரி நடையில் நின்றான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று நஸ்ரின் டாக்டர் சொன்னதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் சொன்ன அன்று பஸ்ஸில் வரும்போது, பாலில் ஊறிய அத்தனை பிரெட்டும், அவன் காயப்போட்ட அத்தனை கோதுமையும் நினைவுக்கு வந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். ரிசல்ட் இருக்கிறது என்று வந்தால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது, இல்லை என்று வந்தால் எப்படிச் சொல்லாமல் இருப்பது? பிள்ளைகள் தாள்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு நூல் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஒல்லிப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி இழுப்பு வந்தபோது மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றே சமாளித்தாள்.

ஒன்றேகாலுக்கு மணி. தாள்களை வாங்கிப் பதிவெண் வரிசையில் அடுக்கி, இருபது இருபதுதானா என்று மூன்று தடவை எண்ணி, ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, உறையைக் கையில் வாங்கும்போது ஒன்று நாற்பது. மூன்று அழைப்பு வந்திருந்தது. பதினொன்று இருபது, பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு ஐம்பது. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு ஒரு டாக்டர் மூன்று தடவை கூப்பிடுவாரா? வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டாள்.

"எங்கம்மா போயிட்டீங்க? சாப்பிடாம உக்காந்திருக்கேன்," என்றார் டாக்டர் நஸ்ரின். "உக்காந்திருக்கீங்களா, நிக்கீங்களா?"

"நிக்கேன் டாக்டர். சொல்லுங்க."

"குடலோட உள்பக்கம் சின்னச் சின்ன விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கணும். சாப்பாட்டுச் சத்த உறிஞ்சுறது அதுதான். உங்களுக்கு ஆறு துண்டுலயும் அதெல்லாம் தேஞ்சு மொட்டையாயிருக்கு. ரத்தத்துலயும் நல்லா ஏறியிருக்கு. சந்தேகமே இல்லம்மா, சீலியாக், கோதுமை குடல அரிக்கிற வியாதி. நீங்க சொன்னது அத்தனையும் நெசம்."

தூணைப் பிடித்துக்கொண்டாள். பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். எழுதிக்கொள்ளக் காகிதம் இல்லை, தேர்வு நடக்கிற இடத்தில் துண்டுக் காகிதம் ஆகாது என்று காலையிலேயே கைப்பையைக் காலி பண்ணியிருந்தாள். உள்ளங்கையில் எழுதினாள், சீ, லி, யா, க். எதிரே வந்த சிதம்பரநாதன் சார் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

"டாக்டர், நான் ஒரு பொய் சொல்லிட்டேன். பதினோரு நாள் நான் திங்கல. காக்காக்குப் போட்டுட்டேன்."

டாக்டர் சிரித்தார். "பதினோரு நாள் திங்காமலே இந்த லட்சணமா? முழுசாத் தின்னிருந்தா உங்கள ஸ்ட்ரெச்சர்லதான் கொண்டாந்திருப்பாங்க. நான் அப்படி மிரட்டியிருக்கக் கூடாது, விடுங்க. இன்னையோட கோதுமைய நிறுத்துங்க. ஆறு மாசம், ஒரு வருஷத்துல குடல் தேறிரும். சொல்றத நல்லாக் கேட்டுக்கோங்க. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கடையில விக்கிற பெருங்காயத்துல பாதிக்கு மேல மாவு கலந்திருக்கும், பாத்து வாங்குங்க. சப்பாத்தி சுட்ட கல்லுல உங்களுக்குத் தோசை கூடாது, தனிக் கல்லு வச்சுக்கோங்க. கொஞ்சமாத் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு வீட்டுல சொல்லுவாங்க. ஒரு துணுக்குகூடக் கூடாது, கடைசிவரைக்கும்."

ஒரு துணுக்குகூட. சரி டாக்டர், சரி டாக்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள்.

"டாக்டர், இன்னும் ஒண்ணே ஒண்ணு. கோயில்ல பூசையில நற்கருணை குடுப்பாங்க. ஓஸ்தின்னு சொல்லுவோம். அது கோதுமைதான்."

"கோதுமை மட்டுமா?"

"கோதுமை மட்டும்தான். வேற எதுவும் சேக்கக் கூடாது அதுல."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு ரூபாத் துட்டு அளவு. அப்பளத்தவிட மெல்லிசு."

"எப்பவாவதா?"

"ஞாயிறு தோறும். தவக்காலத்துல தினமும்."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. "உங்க ஃபாதர்ட்டப் பேசுங்கம்மா, வேற வழி ஏதாவது வச்சிருப்பாங்க. அதுவரைக்கும் வேண்டாம்."

"சரி டாக்டர்," என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. போனை வைத்த பிறகுதான் நாள் நினைவுக்கு வந்தது. நாளை மறுநாள் குருத்து ஞாயிறு, கோயில் கொள்ளாத கூட்டம். நற்கருணை நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து வரிசையில் போவார்கள், உட்கார்ந்தே இருப்பவளை முன்னால் நாலு பெஞ்சும் பின்னால் நாலு பெஞ்சும் பார்க்கும். என்ன பாவமோ, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ண முடியாத பாவமோ, புருஷனுக்கும் அவளுக்கும் ஏதோ என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எழுந்து போகாதவர்களை அவளும் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். ஒன்பது வருஷம் நடிக்கிறவள் என்று பெயர் வாங்கியாயிற்று, இனி பாவி என்றும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டில் பாவி எவ்வளவோ மேல், அதற்காவது மன்னிப்பு உண்டு. மாமியார் முழங்கையால் இடிப்பாள். "எந்திரிம்மா, வரிசை போகுது," என்பாள். வராந்தாவில் ஆள் யாரும் இல்லை. ஜெசிந்தா அதற்குப் பதிலை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள்.

"நான் வரல மாமி, நீங்க போயிட்டு வாங்க. எனக்குச் சீக்கு."

கடைசி வார்த்தை பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை முழுசாக வந்தது.